எழுபத்தொரு விழுக்காடு காலமானார்

என் மனைவியின் வயிற்றிலிருந்து எடுத்த புற்றுச்செல்கள் செத்தது ஒரு திங்கட்கிழமை காலை. அவை செத்துவிட்டன என்று மருத்துவமனை ஒத்துக்கொள்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. என் பாதி உயிரைப் பற்றி யாரும் அறிக்கை எழுதவில்லை என்பது ஒரு ஆறுதல்.

நான் தையல்காரன். ஒரு சட்டை பொருந்துகிறதா இல்லையா என்பதைப் போட்டுக்கொண்டவர் கண்ணாடி முன் நின்ற மறுநிமிடமே சொல்லிவிடலாம். அக்குளில் பிடிக்கிறது என்றால் பிரித்துத் தைப்பேன். இதற்காகக் குழு கூடி நான் பார்த்ததில்லை. அதனால் நான்காவது மாடியில் நடந்தவை எனக்குப் புரியாமல் போனதற்கு என் படிப்பறிவு ஒரு காரணமாக இருக்கலாம்.

விஷயம் இதுதான். அவளுக்கு வயிற்றில் நீர் கட்டிக்கொண்டே இருந்தது. முதலில் கொடுத்த மருந்து வேலை செய்யவில்லை. டாக்டரம்மா வேறு மருந்துக்கு மாற்றி, ஒரு வெள்ளிக்கிழமை முதல் தடவை ஏற்றினார். ஏற்றுவதற்கு முன்பே வயிற்று நீரில் கொஞ்சம் உறிஞ்சி நான்காவது மாடிக்கு அனுப்பிவிட்டார்.

"இது கடுமையான மருந்து" என்றார். "இவங்க செல்லை இது கொல்லுதுன்னு அறிக்கை வந்தாத்தான் அடுத்த தடவை ஏத்த முடியும். கொல்லலன்னா சும்மா உடம்பைக் கெடுத்துக்க வேண்டாம். கொல்லுதுன்னா இன்னைலேர்ந்து சரியா மூணு வாரம், மூணாவது வெள்ளிக்கிழமை ஏத்தியாகணும். தள்ளிப்போச்சுன்னா மிச்சம் இருக்கறது மறுபடி தழைச்சிடும்."

மூன்றாவது வெள்ளிக்கிழமை. நான் கடையில் காலண்டரில் அதைச் சுற்றி சாக்கட்டியால் வட்டம் போட்டேன். அன்றிலிருந்து என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

நான்காவது மாடியில் 'செல் மரண ஆய்வு மையம்' என்று பலகை இருந்தது. உள்ளே ஒரு அம்மா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பதுதான் அவர் வேலை. மனதுக்குள் அவருக்குச் சாயக்காரம்மா என்று பெயர் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலை நான் கதவருகே மூன்றாவது முறையாக எட்டிப் பார்த்தபோது அவருக்கே பாவமாகிவிட்டது.

"வாங்க, நீங்களே பாருங்க. இல்லன்னா நீங்க வராண்டாவைத் தேய்ச்சே ஓட்டை போட்டுடுவீங்க."

கண்ணை வைத்தேன். கறுப்புக்குள் பச்சைப் புள்ளிகள் மின்னின.

"இது எல்லாம் உங்க வீட்டம்மா செல்லு. மருந்து ஊத்தி ரெண்டு நாள் ஆச்சு. பச்சையா மின்னுறதெல்லாம் சாகற செல்லு."

"பச்சைன்னா சாவா?"

"செல்லோட தோலுக்கு உள்பக்கம் மட்டும் இருக்கற ஒரு சமாச்சாரம் உண்டு. சாகறதுன்னு முடிவு பண்ணின செல்லு அதை வெளிப்பக்கமா திருப்பிடும். உங்க தொழில்ல சொன்னா, கோட்டைக் கழட்டி லைனிங் வெளிய தெரியற மாதிரி போட்டுக்கறது. இந்தச் சாயம் லைனிங்கை மட்டும்தான் பிடிக்கும்."

பள்ளிக்கூடத்தில் யாராவது இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் நான் டாக்டர் ஆகியிருப்பேன். நூற்றுக்கு எழுபத்தொன்று பச்சை என்று மெஷின் எண்ணியிருந்தது. பக்கத்தில் மருந்து ஊற்றாத கிண்ணம் ஒன்றும் இருந்தது. அதில் நூற்றுக்கு நாலுதான். தானாகவும் கொஞ்சம் சாகும், மருந்தால் செத்தது எவ்வளவு என்று தெரிய அதுவும் வேண்டும் என்றார்.

"அப்ப மருந்து வேலை செய்யுதும்மா."

"பிரமாதமா செய்யுது."

அந்த அம்மா காலில் விழுந்திருப்பேன், மேசைக்கு அடியில் இடமில்லை.

"எழுதிக் குடுங்கம்மா. டாக்டரம்மாகிட்ட கொண்டு போறேன்."

அவர் முகம் மாறியது. "நான் பாக்கலாம். எண்ணலாம். செத்துருச்சுன்னு சொல்லக் கூடாது. அதுக்குக் குழு இருக்கு."

"இப்பதான சொன்னீங்க?"

"நான் சொன்னது பேச்சு. குழு சொன்னாத்தான் சாவு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. குழுவின் பெயர் 'செல் மரண உறுதிக் குழு'. அதற்கு விண்ணப்பம் ஒன்பது பக்கம். இறந்த செல்லின் வயது என்ன, தொழில் என்ன, கடைசியாக உயிரோடு பார்த்தவர் யார், இறப்பதற்கு முன் ஏதாவது சொன்னதா என்றெல்லாம் கேட்டிருந்தது. தொழில் என்ற இடத்தில் 'அளவில்லாமல் வளர்வது' என்று எழுதினேன். கவுன்டரில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, "சொந்தத் தொழிலா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

குழு அந்த வியாழக்கிழமை கூடியது. நீளமான மேசைக்குத் தலைமாட்டில் தலைவர். அவருக்கு வலப்பக்கம் சட்ட அதிகாரி, இடப்பக்கம் மொழி அதிகாரி. செல்லைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆளான சாயக்காரம்மாவுக்குச் சுவரோரமாக ஒரு ஸ்டூல். எனக்கு அவருக்குப் பின்னால், மூலையில் ஒரு நாற்காலி. தலைவர் எழுந்து நின்று, எங்கள் நாலு பேரைப் பார்த்து, நானூறு பேருக்குப் பேசுவதுபோல் பேசினார்.

"நாற்பது வருஷம் ஆச்சு இந்த மையம் தொடங்கி. இந்த நாற்பது வருஷத்துல இங்க ஒரு செல்லு கூட எங்க அனுமதி இல்லாம செத்தது கிடையாது. வெளிய கணக்கில்லாம சாகலாம். அது வேற. நாங்க அவசரப்பட்டு ஒரு சாவை ஒத்துக்கிட்டு, நாளைக்கு அது எந்திரிச்சு உக்காந்தா பதில் சொல்றது யாரு? அதனாலதான் போன வருஷம் வந்த இருநூறு விண்ணப்பத்துல நாங்க பதினொண்ணுதான் முடிச்சோம். மிச்சத்துல பெரும்பாலும் விண்ணப்பதாரருக்கே தேவைப்படாம போயிடுச்சு. நிதானத்தோட பலன் அதுதான்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். தேவைப்படாமல் போனது என்றால் என்ன என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் மூன்றாவது வெள்ளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன்.

பிறகு சட்ட அதிகாரி சாயக்காரம்மாவைப் பார்த்தார். "எப்படிச் செத்துச்சு?"

"மருந்து போய் அடிச்சுக் கொல்றதில்லைங்க. உள்ள இருக்கற சரக்கைச் சேதம் பண்ணிடும். சேதத்தைப் பாத்ததும் செல்லு தானே முடிவெடுத்து, தன்னைத்தானே துண்டு துண்டா ஒழுங்கா மடிச்சு முடிச்சுக்கும்."

"தானே முடிவெடுத்து." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப இது தற்கொலை."

"ஒரு பேச்சுக்கு அப்படிச் சொல்லலாம்."

"பேச்சுக்குச் சொல்ற இடம் இது இல்லம்மா. தற்கொலைன்னா தூண்டினது யாருன்னு வரும். தூண்டினது மருந்து. மருந்து தரப்பைக் கேக்காம நாம முடிவெடுத்தா இயற்கை நீதிக்கு விரோதம்."

கூட்டம் அடுத்த செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை மருந்து வந்தது. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அது ஏதாவது சொல்ல விரும்புகிறதா என்று சட்ட அதிகாரி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அமைதி. பிறகு, ஒட்டியிருந்த லேபிளையே வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உரக்கப் படித்தார். 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்ற இடம் வந்ததும் தலைவர் ஏ.சி.யைக் கூட்டச் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவரானாலும் மனிதாபிமானத்தோடு நடத்த வேண்டும் என்றார். 'மருத்துவர் ஆலோசனையின்றிப் பயன்படுத்தக் கூடாது' என்று லேபிளில் இருந்ததால், குற்றம் டாக்டரம்மா பக்கம் போய்விட்டது. மருந்து விடுவிக்கப்பட்டது. டாக்டரம்மாவுக்கு விளக்கம் கேட்டு கடிதம் போனது.

அந்தக் கடிதத்தை டாக்டரம்மா என்னிடம் காட்டினார். 'புற்றுச்செல்களைத் தற்கொலைக்குத் தூண்டியது ஏன்?' என்று ஒரே வரி.

"என்னம்மா பதில் எழுதுவீங்க?"

"அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்கன்னு எழுதப்போறேன்."

அப்படியே எழுதினார். வருத்தம் தெரிவிக்காத நேர்மையான பதில் என்று குழு அதைப் பாராட்டி ஏற்றுக்கொண்டது. அதற்குள் இரண்டாவது வெள்ளிக்கிழமை போய்விட்டது.

கடையில் என் கை சொன்னபடி கேட்கவில்லை. ஒரு வாடிக்கையாளரின் சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துவிட்டேன். மனைவி அதைத் தூக்கிப் பார்த்தாள். தலையில் முடி கொட்டி, துணி கட்டியிருந்தாள். முகம் மட்டும் அதே குறும்போடு இருந்தது.

"என்னங்க, இவருக்கு ரெண்டும் இடது கையா? பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாரு."

"கேலி பண்ணாத. எனக்கு மனசே சரியில்ல."

"என் செல்லு செத்துச்சுன்னு நீங்க கண்ணால பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். பச்சையா."

"அப்ப எனக்குப் போதும். அவங்களுக்குப் போதலன்னா என்ன பண்றது." சட்டையைப் பிரிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வயிறு மறுபடி லேசா இறுக்குது. நேத்துலேர்ந்து."

நான் எழுந்து போய் விளக்கைப் போட்டேன். வெளிச்சம் ஏற்கனவே நன்றாகத்தான் இருந்தது. மறுபடி அணைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை. மூன்றாவது கூட்டம். அறிக்கையின் வாசகம் ஒன்றுதான் பாக்கி என்றார்கள். சாயக்காரம்மா எழுதிக் கொண்டுவந்த வரி: 'மருந்தினால் எழுபத்தொரு விழுக்காடு செல்கள் செத்தன.' அரை நிமிட வேலை என்று நினைத்தேன். அன்றுதான் மொழி அதிகாரி வாயைத் திறந்தார்.

"செத்தன." அவர் அந்த வார்த்தையை நாக்கில் வைத்து, கசந்ததுபோல் முகம் சுளித்தார். "யாருடைய செல்?"

"நோயாளியோடது" என்றார் சாயக்காரம்மா.

"நோயாளி யாரு? மனுஷி. மனித செல். மனிதர் என்ன திணை?"

பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிப் படித்தது எனக்கு நினைவுக்கு வந்தது. "உயர்திணைங்க" என்று பின்னாலிருந்து சொல்லிவிட்டேன். அன்று என் வாயை நானே தைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

"அந்தத் தையல்காரருக்குத் தெரியுது, நமக்குத் தெரியல" என்றார் மொழி அதிகாரி. "மனிதர் உயர்திணை. மனித செல்லும் உயர்திணை. 'செத்தன'ன்னு எழுதினா அஃறிணை ஆயிடும். ஆடு மாடு செல்லுக்கு எழுதலாம். இது மனித உயிரணு. மரியாதையா எழுதணும்."

"இது புற்றுச்செல்லுங்க" என்றார் சாயக்காரம்மா. "இதுக்கு எதுக்கு மரியாதை?"

"நோய் வந்துட்டா மரியாதை போயிடுமா? உங்களுக்குக் காய்ச்சல் வந்தா 'அது படுத்திருக்கு'ன்னு சொல்லலாமா?"

'இறந்தார்' என்பது வெட்டவெளிச்சமாக இருக்கிறது, 'மறைந்தார்' என்றால் ஒளிந்துகொண்டதாகத் தோன்றும், 'இயற்கை எய்தினார்' என்றால் மருந்தின் பங்கு அடிபடும் என்று அவர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒன்றே முக்கால் மணி நேரம். நான் நாற்காலியின் முன்காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். முடிவில் ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. அறிக்கையில் பின்வருமாறு எழுதப்பட்டது: 'நோயாளி எண் 4417: எழுபத்தொரு விழுக்காடு காலமானார்.' செல் என்ற சொல்லை மொழி அதிகாரி எடுத்துவிட்டார். காலமானவரைப் பற்றிப் பேசும்போது அவர் எதனால் ஆனவர் என்று குறிப்பிடுவது பண்பல்ல என்றார்.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "காலமானார்ன்னு எழுதிட்டு நாம உக்காந்திருக்கறது நல்லா இல்ல. ஒரு நிமிஷம் எந்திரிச்சு நிப்போம்."

எழுந்து நின்றோம். நானும் நின்றேன். என் மனைவியைக் கொல்லப் பார்த்த செல்களுக்காகத் தலைகுனிந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்ற ஒரே கணவன் நானாகத்தான் இருக்கும். பக்கத்தில் சாயக்காரம்மாவின் பல் நறநறவென்று கேட்டது.

பரவாயில்லை, அறிக்கை கிடைத்துவிட்டது, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். அறிக்கை நேராக டாக்டரம்மாவுக்கும் ஒரு நகல் பதிவுப் பிரிவுக்கும் போகும் என்றார்கள். பதிவுப் பிரிவுக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன கிழிந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை கடிதம் வந்தது. அதை முதலில் பிரித்தவள் அவள்தான். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

'அன்புடையீர், தங்கள் மனைவி (நோயாளி எண் 4417) காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். விழுக்காடு: 71. விதிப்படி பாதிக்கு மேற்பட்டது முழுமையாகக் கொள்ளப்படும். காரணம்: மருந்து நன்கு வேலை செய்தது. இவ்வேளையில் தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். நோயாளியின் அடுத்த மருந்து ரத்து செய்யப்பட்டுள்ளது.'

பாம்பும் சாக வேண்டும், கோலும் முறியக் கூடாது என்பார்கள். இங்கே பாம்பு செத்துவிட்டது. கோல் முறிந்துவிட்டதாக எழுதிவிட்டார்கள்.

"நான் எப்பங்க போனேன்?" என்றாள். "நேத்து உங்களுக்குச் சோறு போட்டது யாரு?"

சிரிக்கத்தான் சொன்னாள். கடைசி வரியில் 'ரத்து' என்ற சொல்லின் மேல் அவள் விரல் நின்றுகொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலை எடுத்துக் கடிதத்தை வெட்டப் போனேன். அவள் தடுத்தாள். நாளைக்கு அதையும் கேட்பார்கள் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை இருவருமாகப் போனோம். அவள் இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்கி நின்றாள். பிடித்துக்கொண்டு ஏற்றினேன். குழுவின் அறையில் மூவரும் இருந்தார்கள். தலைவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து என் கையைப் பிடித்து வருத்தம் தெரிவித்தார்.

"சார், இவங்கதான் என் மனைவி."

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார் தலைவர், சற்றும் அசராமல். "பதிவுப்படி நீங்க இல்லாததால நீங்க பேசறதைக் குறிப்புல ஏத்த முடியாது. ஆனா தாராளமா உக்காரலாம்."

நான் கடிதத்தை மேசையில் வைத்தேன். சட்ட அதிகாரி படித்தார், மொழி அதிகாரி படித்தார். ஒரு பிழையும் இல்லை என்றார்கள். நடை நன்றாக இருக்கிறது என்றுகூட மொழி அதிகாரி சொன்னார்.

"தப்பு எங்கயும் நடக்கல" என்றார் தலைவர். "ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வேலையைச் சரியாச் செஞ்சிருக்கோம். அதனாலதான் இப்படி ஆயிருக்கு."

"அந்தக் 'காலமானார்'ங்கறதை அடிச்சிட்டு 'செல்கள் செத்தன'ன்னு எழுதினாப் போதுமே சார்."

"தீர்மானம் நிறைவேறின பிறகு திணை மாறாது" என்றார் மொழி அதிகாரி. "அடுத்த மாசக் கூட்டத்துல மனு குடுங்க."

"எங்களுக்கு இன்னைக்குத்தான் சார் நாளு."

தலைவர் யோசித்தார். உண்மையிலேயே உதவத்தான் நினைத்தார் என்று அவர் முகம் சொன்னது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "ஒரு வழி இருக்கு. அறிக்கையையே திரும்ப வாங்கிக்கறோம். செல்கள் உயிரோட நலமா இருக்காங்கன்னு எழுதிடறோம். அது தலைவர் அதிகாரத்துல உடனே பண்ணலாம். உங்க வீட்டம்மாவும் பதிவுல உயிரோட வந்துடுவாங்க. நான் இந்த நாற்காலியில உக்காந்ததுக்கு ஒரு உயிரைக் காப்பாத்தின புண்ணியம் கிடைக்கும்."

"செல்லு உயிரோட இருக்குன்னு எழுதினா மருந்து?"

"மருந்து வேலை செய்யலன்னு ஆயிடும். நிறுத்திடுவாங்க."

"அப்ப இவ செத்துடுவாளே சார்."

"அது வேற பிரிவு" என்றார் தலைவர், மிகவும் கனிவாக.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செல் செத்தால் இவள் செத்தவள். இவள் உயிரோடிருக்க வேண்டுமென்றால் செல்லும் உயிரோடிருக்க வேண்டும். அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடந்தேன், திரும்ப நடந்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அறிக்கையை அவங்களே வெச்சுக்கட்டும். வாங்க, போலாம்." தலைவரைப் பார்த்து, "குறிப்புல ஏத்த வேண்டாம் சார்" என்றாள்.

கீழே டாக்டரம்மாவிடம் போனோம். அவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "எனக்கு அறிக்கை வந்துடுச்சு. எழுபத்தொண்ணு. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. மருந்து மட்டும் கைக்கு வந்தா இப்பவே ஏத்திடுவேன். ஏத்தறதுக்கு ஒரு கை வேணும், பதிவேடு வேணாம். ஆனா மருந்து அறையைத் திறக்கறது என் கையில இல்லியே" என்றார்.

மருந்து ஜன்னலில் ஒரு குமாஸ்தா இருந்தார். இவ்வளவு நாளில் நான் பார்த்த எவரையும்விட வேகமாக வேலை செய்தார். எண்ணைச் சொன்னேன். பதிவேட்டைப் புரட்டினார்.

"4417. காலமானார். நீங்க?"

"அவங்க வீட்டுக்காரர். மருந்து…"

"ஆமா, நானே ஆளனுப்பணும்னு இருந்தேன். எடுத்துட்டுப் போங்க."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "என்ன சார்?"

"உயிரோட இருக்கறவங்க மருந்துன்னா ஒப்புதல் வரணும், குழு சொல்லணும், எங்க மேலாளர் பாக்கணும். மாசக்கணக்கா ஆகும். இறந்தவங்க பேருல ஒதுக்கின மருந்து ஒரு நாளைக்கு மேல குளிர்பெட்டியில இருக்கக் கூடாது. இடத்தை அடைக்கும். அன்னைக்கே வாரிசுகிட்ட குடுத்துடணும்னு விதி. அதுல நாங்க ரொம்பக் கறார். ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

காகிதத்தை நீட்டினார். இரண்டே வரி. 'மேற்படி நோயாளி இறந்துவிட்டார் என்பதை அறிவேன். அவருடைய மருந்தைப் பெற்றுக்கொண்டேன்.' கீழே பெயர், கையெழுத்து, இறந்தவருக்கு உறவு.

பேனாவை வாங்கினேன். மூன்று வாரமாக அலைந்தது இந்த ஒரு கையெழுத்துக்குத்தான். ஒன்பது பக்கத்தைச் சளைக்காமல் நிரப்பியவன் நான். செல்லுக்காக எழுந்து நின்று மௌனம் காத்தவன். இப்போது பேனா முனை காகிதத்தில் படவே மாட்டேன் என்றது. வெறும் காகிதம்தான், பொய்தான், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவள் இறந்துவிட்டாள் என்று என் கையால் எழுதி, அதற்குக் கீழே என் பெயரைப் போட வேண்டும். இரண்டு மாதமாக ராத்திரியில் கண்ணை மூடினால் வருகிற காகிதம் அது. எனக்குப் பயமாக இருந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

"என்ன சார், பின்னால ஆளு நிக்குது" என்றார் குமாஸ்தா.

"முடியல" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. ஊசி குத்திக் குத்தி நீலம் பாரித்த கை. பேனாவை மெதுவாக உருவிக்கொண்டது.

"குடுங்க. நீங்க பட்டன் வெக்கறதுக்குத்தான் லாயக்கு."

அவள் ஜன்னல் விளிம்பில் காகிதத்தை வைத்து, நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். 'இறந்தவருக்கு உறவு' என்ற இடத்தில் ஒரு கணம் நின்று, 'நானே' என்று எழுதினாள்.

குமாஸ்தா காகிதத்தை வாங்கிக் கட்டங்களைச் சரிபார்த்தார். பெயரை ஒரு முறை பார்த்தார். பதிவேட்டில் இருந்த பெயரை ஒரு முறை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நானேன்னா என்ன உறவு?"

"ரொம்ப நெருங்கின உறவு சார். பொறந்ததுலேர்ந்து கூடவே இருக்கேன்."

"அப்படின்னா சரி." முத்திரை குத்தினார். "எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்கு. சீக்கிரம் போங்க, அரை மணிக்கு மேல வெளிய இருக்கக் கூடாது."

பனிக்கட்டிப் பையில் வைத்த குப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். டாக்டரம்மா பையை வாங்கிக்கொண்டு கட்டிலைக் காட்டினார்.

நர்ஸ் வலது கையில் நரம்பு தேடினார். கிடைக்கவில்லை. இடது கையைத் தட்டித் தட்டிப் பார்த்து, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒன்றைக் கண்டுபிடித்து ஊசியை இறக்கினார். அவள் முகம் சுருங்கியது.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது" என்றாள்.

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். காலமானவளுக்கு வலிக்குதாம்.